கட்டை விரல் யாருக்குக் காணிக்கை?

போன மாதம் லால்குடிக் கடைத்தெருவில் ஒரு தோழரைச் சந்தித்தேன். அரிசி ஆலையில் இருபது வருஷமாக மூட்டை தூக்கியவர். இருவரும் டீ குடித்தோம். காசு கொடுக்கச் சட்டைப் பையில் கை விட்டார். ஐந்து ரூபாய் நாணயம் விரலுக்கு அகப்படவில்லை. எடுக்க எடுக்க நழுவிற்று. கடைசியில் இடது கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

"என்ன தோழர், கை இன்னும் சரியாகலையா?" என்று கேட்டேன்.

"எலும்பு நல்லா ஒட்டிடுச்சு தோழர். எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டரே சொன்னாரு. கட்டை விரல் மட்டும் மடங்க மாட்டேங்குது. மூட்டைக் காதைப் பிடிச்சா வழுக்கிட்டுப் போகுது" என்றார்.

நடந்த கதை இதுதான். லாரிக்கு மூட்டை ஏற்றுகிறபோது பலகை வழுக்கியது. கீழே விழுந்தவர் கையை ஊன்றினார். வலது மணிக்கட்டு முறிந்தது. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, உள்ளங்கைப் பக்கமாகத் தகடு வைத்து ஸ்குரு முடுக்கினார்கள். மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. மகளிர் குழுக் கடன் இன்னொரு மடங்கு ஏறிற்று. மூன்றாம் மாதமே மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. விரலை மடக்கும்போதெல்லாம் மணிக்கட்டுக்குள் நறநறவென்று ஏதோ உரசியது, லேசாக வலித்தது. உழைக்கிற கை வலிக்கத்தானே செய்யும் என்று சும்மா இருந்துவிட்டார். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் காலை சட்டைப் பொத்தானைப் போடப் போனார். கட்டை விரலின் நுனி மடங்கவில்லை. உள்ளே நாண் அறுந்து போயிருந்தது.

இன்னொரு சம்பவம். கொள்ளிடக் கரைப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா. மழைக்குச் சறுக்கிய வரப்பில் விழுந்து இடது மணிக்கட்டில் அடிபட்டது. எலும்பு விலகவில்லை, வெறும் கீறல்தான் என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆபரேஷனும் இல்லை, தகடும் இல்லை. ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். ஏழாம் வாரம் சோறு வடிக்கும்போது கட்டை விரல் திடீரென்று தொங்கிவிட்டது. "வலி கூட இல்லை தம்பி. வெரலு செத்த மாதிரி விழுந்துடுச்சு" என்றார்.

நடவு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். இடது கை நாற்று முடியைப் பிடித்திருக்கும். அந்தக் கையின் கட்டை விரல் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துத் தள்ளித் தள்ளிக் கொடுக்கும். வலது கை வாங்கிச் சேற்றில் ஊன்றும். கட்டை விரல் தள்ளாவிட்டால் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் கூலி இல்லை.

இருவருக்கும் எலும்பு ஒட்டிவிட்டது. இருவருக்கும் விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கணக்கில் இருவருமே குணமானவர்கள்! நம் கணக்கில் இருவருமே வேலை இழந்தவர்கள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

ஊரில் இதை "நரம்பு அறுந்துவிட்டது" என்பார்கள். அறுந்தது நரம்பல்ல, தசைநாண். முழங்கையிலிருந்து வருகிற தசைதான் விரலை இழுக்கிறது. தசைக்கும் விரலுக்கும் இடையே கயிறு போல ஓடுவது நாண். கவலை இறைப்பில் மாடு இழுத்தாலும் வடம் அறுந்தால் சால் மேலே வராது. அதைப் போல, தசை எவ்வளவு இழுத்தாலும் நாண் அறுந்தால் விரல் அசையாது.

விழுகிற மனிதன் கையை ஊன்றுவது இயல்பு. அப்போது முறிவது பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் நுனி. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது வருஷம் முன்பே, 1814-ல், டப்ளின் நகரத்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவை விவரித்து எழுதினார். அதிலிருந்து நீண்ட காலம் மாவுக்கட்டுத்தான் வைத்தியம். பிறகு கம்பி குத்திப் பிடிக்கும் முறை வந்தது. 2000-ம் வருஷத்தை ஒட்டி, உள்ளங்கைப் பக்கம் வைத்து, ஸ்குருவின் தலையே தகட்டில் பூட்டிக் கொள்ளும் புதிய தகடு வந்தது. நொறுங்கிய எலும்பையும் அது பிடித்து நிறுத்துகிறது. கையைச் சீக்கிரம் அசைக்க முடிகிறது. உலகம் முழுவதும் அது பரவிற்று, திருச்சிக்கும் வந்தது. இது விஞ்ஞானத்தின் வெற்றிதான். அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் மணிக்கட்டில் இடம் குறைவு. ஆரை எலும்பின் உள்ளங்கைப் பக்கம், மூட்டை நெருங்குகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. தகடு அந்த மேட்டைத் தாண்டியோ, எலும்பை விட்டுத் தூக்கிக் கொண்டோ நின்றால், அதன் விளிம்பு மேலே ஓடும் நாணில் படும். முதலில் படுவது கட்டை விரலை மடக்கும் நாண். விரல் மடங்கும் ஒவ்வொரு தடவையும் இரும்பு விளிம்பில் கயிறு தேய்கிறது. கிணற்று விளிம்பில் தேய்கிற தாம்புக் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. புரி புரியாக அறும். இதுவும் அப்படித்தான்.

புறங்கைப் பக்கம் வேறு ஆபத்து. உள்ளங்கைப் பக்கமிருந்து முடுக்கிய ஸ்குரு ஒரு நூல் நீளமாகிவிட்டால் அதன் முனை எலும்பைத் துளைத்துக் கொண்டு முதுகுப் பக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே ஓடுவது கட்டை விரலைத் தூக்கும் நாண். எலும்பின் முதுகு சமதளமல்ல, கூரை முகடு போல மேடானது. ஆகவே பக்கவாட்டில் எடுத்த சாதாரண எக்ஸ்ரேயில் முனை வெளியே தெரியாமல் மறைந்துவிடும். கையை மடக்கி வைத்து முகட்டை ஒட்டி எடுக்கும் தனிக் கோணத்து எக்ஸ்ரேயில்தான் அது தென்படும். ஸ்குரு மறுபக்கம் வரை போக வேண்டிய அவசியமே இல்லை, முக்கால் ஆழம் போனாலே பிடிப்புப் போதும் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

தகடே வைக்காத அக்காவுக்கு ஏன் அறுந்தது? கட்டை விரலைத் தூக்கும் நாண், எலும்பின் முதுகில் ஒரு சிறு முடிச்சைச் சுற்றி, இறுக்கமான ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. முறிவு விலகாமல் இருந்தால் அந்தக் குழாய் கிழியாமல் இருக்கும்; உள்ளே ரத்தமும் வீக்கமும் கட்டி நாணுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். சில வாரங்களில் நாண் நைந்து அறும். ஆகவே "சின்னக் கீறல்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இது தொழிலாளியின் வியாதி என்பதற்குச் சரித்திரச் சாட்சியும் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் ராணுவத்தில் முரசடிக்கும் சிப்பாய்களுக்கு, ஓயாமல் குச்சியைப் பிடித்து அடித்ததால் இடது கட்டை விரலின் இதே நாண் அறுந்தது. முரசுக்காரன் வாதம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அரசனுடைய அணிவகுப்புக்கு முழக்கம் வேண்டும்; முழக்கியவன் விரல் போனால் யாருக்குக் கவலை?

எத்தனை பேருக்கு நேர்கிறது?

தகடு வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோதான் நாண் அறுகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அறுவதற்கு முந்தைய கட்டமான உரசலும் வீக்கமும் அதைவிட அதிகம் பேருக்கு உண்டு. மடக்கும் நாண் அறுவது சராசரியாக ஒன்பது மாதம் சுமாருக்கு. சிலருக்குப் பல வருஷம் கழித்தும் அறுந்திருக்கிறது.

"நூற்றுக்கு ஒன்றுதானே, இதற்கா இவ்வளவு பெரிய கட்டுரை?" என்று யாராவது கேட்கலாம். அந்த ஒருவர் குமாஸ்தாவாக இருந்தால் லீவு போடுவார். மூட்டை தூக்குகிறவராக, அரிவாள் பிடிக்கிறவராக, வாழைத்தார் சுமப்பவராக இருந்தால் குடும்பமே சாப்பாட்டுக்குத் திண்டாடும். மேலும், இந்த நஷ்டத்தில் பெரும் பகுதி தடுக்கக் கூடியது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. உரசல் தொடங்கிய நாளில் கண்டுபிடித்து, எலும்பு ஒட்டியிருப்பதைப் பார்த்துத் தகட்டை எடுத்துவிட்டால் நாண் பிழைத்துவிடும். சின்ன ஆபரேஷன். எல்லோருக்கும் தகட்டை எடுக்க வேண்டியதில்லை. உரசுகிறவருக்கு எடுத்தே ஆகவேண்டும்.

அறுந்த பிறகோ கதை வேறு. நைந்த கயிற்றின் இரு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போட முடியாது. தூக்கும் நாண் போனால், சுட்டு விரலை நிமிர்த்த இருக்கிற இரண்டு நாண்களில் ஒன்றை எடுத்துக் கட்டை விரலுக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். மடக்கும் நாண் போனால் வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுகிறார்கள், அல்லது மோதிர விரலின் ஒரு நாணைத் திருப்பி விடுகிறார்கள். இரண்டு நாண் வைத்திருக்கும் விரல், ஒன்றும் இல்லாத விரலுக்குப் பங்கு தருகிறது. நம் உடம்புக்குத் தெரிந்த நியாயம் நம் மிராசுதார்களுக்குத் தெரியவில்லை! ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் ஒரு மாதம் கட்டு, அதன் பிறகு வாரக் கணக்கில் பிஸியோதெரபி. அத்தனை நாளும் கூலி பூஜ்யம். எங்கள் அரிசி ஆலைத் தோழர் ஏன் இன்னும் இரண்டாவது ஆபரேஷன் செய்து கொள்ளவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

குற்றவாளி யார்?

சிலர் சொல்கிறார்கள்: "ஆபரேஷனுக்குப் போனதே தப்பு. புத்தூர் கட்டுப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்குமா?" ஆந்திராவில் உள்ள புத்தூரின் பெயர் தமிழ்நாட்டு மூலை முடுக்கெல்லாம் போர்டில் தொங்குகிறது. நம் ஜனங்கள் அங்கே போவது மூட நம்பிக்கையால் மட்டுமல்ல. செலவு குறைவு, காத்திருக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால்தான். அவர்களைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனாலும் தோழமையோடு ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே இல்லாமல் இறுக்கிக் கட்டிய கட்டில் ரத்த ஓட்டம் நின்று, கையையே எடுக்க நேர்ந்ததும் உண்டு. கோணலாக ஒட்டிய எலும்பும் நாணை அரிக்கும். அந்த அக்காவுக்குக் கத்தியே படாமல் நாண் அறுந்ததே! ஆகவே கட்டா, தகடா என்பது கேள்வியல்ல. கட்டிய பிறகு யார் கவனித்தார்கள் என்பதே கேள்வி.

வேறு சிலர் டாக்டர்கள் மேல் எல்லாப் பழியையும் போடுகிறார்கள். தகட்டை ஒரு நூல் மேலே வைத்தவர், ஸ்குருவை ஒரு நூல் நீளமாக விட்டவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காக வைத்த தகட்டிலும் சில சமயம் இது நேர்கிறது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு காலை நேரத்தில் பார்க்கிற கூட்டம் நமக்குத் தெரியாததல்ல. ஒரு தனி மனிதனுடைய கைப் பிசகைவிடப் பெரியது ஒன்று இங்கே இருக்கிறது. அதுதான் வைத்தியத்தைச் சரக்காக விற்கும் முறை.

சரக்கை விற்றவனுக்குப் பணம் வந்ததோடு வேலை முடிந்தது. தகடு ஒரு சரக்கு. ஆபரேஷன் ஒரு சரக்கு. ஒன்பதாம் மாதம் விரலைத் தொட்டுப் பார்ப்பதில் லாபம் இல்லை; ஆகவே அது நடப்பதில்லை. 2018 பிப்ரவரியில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்தது. மருந்திலும் ஊசி, குழாய் முதலிய சாமான்களிலும் 1,737 சதவீதம் வரை லாபம் வைத்தது வெளிவந்தது. அடக்க விலைக்கு மேல் பதினேழு மடங்கு! கடைத்தெரு வட்டிக்காரன் கூட இதைக் கேட்டால் வெட்கப்படுவான்.

எப்போதும் தகடுதான் வேண்டுமா? இதற்கும் விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில், அரசாங்கம் நடத்தும் இலவச வைத்திய அமைப்பின் 18 ஆஸ்பத்திரிகளில் 461 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தகடும் இன்னொரு பிரிவுக்குக் கம்பியும் வைத்துப் பார்த்தார்கள். முறிந்த எலும்பை வெளியிலிருந்தே இழுத்து நேராக்க முடிந்தவர்கள் இவர்கள். ஒரு வருஷம் கழித்து இரு பிரிவுக்கும் கை ஒரே மாதிரிதான் வேலை செய்தது. 2014-ல் இந்த முடிவு வெளியாயிற்று. கம்பியின் விலையோ தகட்டின் விலையில் சிறு பங்கு. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாவுக்கட்டையும் தகட்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் கை வேலை செய்வதில் வித்தியாசம் இல்லை. தொந்தரவுகள் தகடு வைத்தவர்களுக்கே அதிகம். 2011-ல் இது அச்சாயிற்று. மூட்டுக்குள் நொறுங்கிய எலும்புக்கும் கம்பியில் நிற்காத முறிவுக்கும் தகடு அவசியம், மறுக்கவில்லை. எந்தக் கைக்கு எது தேவை என்பதை முறிவு தீர்மானிக்க வேண்டும். ஆஸ்பத்திரியின் வரவு செலவுப் புத்தகம் தீர்மானிக்கக் கூடாது.

உடம்புக்குள் வைத்ததை மறந்துவிடும் கொடுமைக்குப் பெரிய உதாரணமும் உண்டு. ஜான்சன் அண்டு ஜான்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் இடுப்பு மூட்டுச் சாதனம் ஒன்று பழுதானது என்று 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் வாபஸ் வாங்கப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. வைத்துக் கொண்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளிவந்த பிறகே நஷ்ட ஈட்டுப் பேச்சு எழுந்தது. இடுப்புக்கே இந்தக் கதி. கூலிக்காரன் மணிக்கட்டில் உள்ள சின்னத் தகட்டை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

தொழிலாளியின் கைக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்று காட்டிய இடங்களும் இருக்கின்றன. 1963 ஜனவரியில் ஷாங்காய் நகரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் வலது கை யந்திரத்தில் வெட்டுண்டு தனியே விழுந்தது. டாக்டர் சென் சுங்-வெய்யும் அவருடைய சகாக்களும் அந்தக் கையைத் திரும்ப ஒட்ட வைத்து உயிர் கொடுத்தார்கள். வைத்திய உலகமே வியந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூரில், 1940-களின் கடைசியிலேயே, டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நாண்களை மாற்றிக் கட்டி விரல்களை மறுபடி வேலை செய்ய வைத்தார். சமூகம் ஒதுக்கித் தள்ளிய ஜனங்களின் கைகள் அவை. வட சென்னையில், தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் கைக்கென்றே தனி வைத்தியப் பிரிவை வளர்த்தார். நாட்டுக்கே அது முன்னோடி. அரசு ஆஸ்பத்திரியில், இலவசமாக, பாட்டாளியின் கைக்கு உயர்ந்த வைத்தியம் செய்ய முடியும் என்பதற்கு ஸ்டான்லியே சாட்சி. அப்படியானால் காவிரிப் படுகைக்கும் அது ஏன் வரக் கூடாது?

சட்டம் என்ன சொல்கிறது?

இதை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்ய வேண்டும். 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில், கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் இழப்பு என்று எழுதியிருந்தது. அதன் கீழேயே ஒரு குறிப்பு: ஓர் உறுப்பின் உபயோகம் முழுவதுமாக, நிரந்தரமாகப் போய்விட்டால் அந்த உறுப்பே போனதாகக் கருத வேண்டும். அதாவது, விரல் உடம்பில் ஒட்டிக் கொண்டிருந்தாலும், இனி அதனால் வேலைக்கு உபயோகமில்லை என்றாகிவிட்டால் நஷ்ட ஈடு உண்டு!

கணக்கையும் பாருங்கள். 45 வயது, மாதச் சம்பளம் 15,000 ரூபாய். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்குச் சட்டம் வைத்த பெருக்கு எண் 169.44. பெருக்கினால் 15,24,960. அதில் 30 சதவீதம் 4,57,488 ரூபாய். கட்டை விரல் செத்துப்போன தோழருக்கு ஆலைக்காரர் ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் திணித்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிறாரே, அது எந்தத் தொகைக்குப் பதிலாக என்று இப்போது புரிகிறதா?

அந்தச் சட்டத்தை 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமுலாக்கிவிட்டார்கள். இந்தத் தொகுப்புகளை நாம் எதிர்ப்பது வேறு விஷயம். எந்தச் சட்டத்தின் கீழானாலும், வேலையில் விழுந்தவனுக்கு நஷ்ட ஈடு பிச்சையல்ல, உரிமை. இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்படுகிறவர்களுக்கு வேலை விபத்தில் கூலியில் 90 சதவீதம் ஊன உதவித் தொகை உண்டு. ஆனால் காண்டிராக்ட் மூட்டைத் தொழிலாளியின் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது? விபத்து நடந்த மறு நிமிஷம், "இவன் நம்ம ஆளே இல்லை" என்கிறார்களே!

வயலில் இன்னும் மோசம். அந்த அக்கா திங்கட்கிழமை ஒருவர் வயலில் நடுகிறார். செவ்வாய்க்கிழமை இன்னொருவர் வயலில். எந்த முதலாளியிடம் நஷ்ட ஈடு கேட்பது? தமிழ்நாட்டில் 2006-ல் விவசாயத் தொழிலாளர் நலச் சட்டம் வந்தது. 2011-ல் உழவர் பாதுகாப்புத் திட்டம் வந்தது. விபத்தில் கை கால் இழந்தால் உதவி உண்டு. கை உடம்பிலேயே இருக்க, விரல் மட்டும் வேலை செய்யாதவர் யாரிடம் போய் நிரூபிப்பது? 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, நல்ல காரியம். ஆனால் லால்குடியிலிருந்து திருச்சிக்குப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விட்டது. பஸ் இலவசம்; வியாதி இலவசமல்ல!

என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாமே இன்று செய்யக் கூடியது. மணிக்கட்டு முறிந்த ஒவ்வொருவரும், தகடு வைத்திருந்தாலும் சரி வைக்காவிட்டாலும் சரி, இரண்டு பரீட்சைகள் செய்து பார்க்க வேண்டும். ஒன்று: கட்டை விரலின் அடிக் கணுவை மறு கையால் பிடித்துக் கொண்டு, நுனியை மட்டும் மடக்குங்கள். இரண்டு: உள்ளங்கையை மேஜை மீது பதித்து வைத்துக் கட்டை விரலை மட்டும் மேலே தூக்குங்கள். மடங்கவில்லை, தூக்க முடியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மடங்குகிறது, ஆனால் நறநறவென்கிறது, தகடு உள்ள இடத்தில் வீக்கமோ வலியோ இருக்கிறது என்றால், அதுதான் அபாய மணி. அப்போது போனால் நாணைக் காப்பாற்றலாம். "வேலை செய்கிற கை வலிக்கத்தான் செய்யும்" என்ற பழைய பேச்சை விட்டொழிக்க வேண்டும்.

சங்கக் கிளைகள் தங்கள் உறுப்பினர்களில் தகடு வைத்தவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டும். ஒரு வருஷம் ஆவதற்குள் எந்த வெள்ளைத் தாளிலும் "முழுத் தீர்வு" என்று கையெழுத்துப் போடவே கூடாது. விழுந்த அன்றே, விழுந்த இடம், நேரம், சாட்சி இவற்றை எழுதி ஆலைக்குக் கொடுத்து நகல் வாங்கி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையில் விழுந்தார்" என்று எழுதச் சொல்ல வேண்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது:

1. தகடு வைக்கும் ஒவ்வொருவருக்கும், என்ன தகடு, யார் தயாரித்தது, என்ன நம்பர், எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும் என்று தமிழில் அச்சடித்த சீட்டுக் கொடுக்கச் சட்டம் வேண்டும். அந்த நம்பர்கள் சர்க்கார் பதிவேட்டில் ஏற வேண்டும்.

2. லால்குடி போன்ற தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே வாரத்தில் ஒரு நாளாவது எலும்பு டாக்டரும் பிஸியோதெரபியும், தகடு வைத்தவர்களுக்கு ஒரு வருஷம் வரை தொடர் பரிசோதனையும் வேண்டும். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியில், ஸ்டான்லி மாதிரியில், கை வைத்தியத்துக்கு முழுப் பிரிவு வேண்டும்.

3. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், தகடு எடுப்பதும் அறுந்த நாணைச் சரி செய்வதும் முதல் விபத்தின் தொடர்ச்சியாகக் கருதப்பட்டு முழுச் செலவும் தரப்பட வேண்டும்.

4. 2017-ல் இருதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் உச்ச விலை கட்டினார்கள். எலும்பு முறிவுக்கான தகட்டுக்கும் ஸ்குருவுக்கும் அதேபோல விலை கட்ட வேண்டும்.

5. வயலில் விழுவதும் வேலை விபத்தே. விவசாயத் தொழிலாளிக்கு, கை குணமாகும் வரை கூலிக்கு ஈடாக நிவாரணம் வேண்டும். விரலின் உபயோகம் போனால் உறுப்பு போனதாகவே கருத வேண்டும்.

இவை மலையைப் பெயர்க்கும் கோரிக்கைகள் அல்ல. ஒரு அச்சடித்த சீட்டு, ஒரு எக்ஸ்ரே, ஒரு டாக்டர் விரலைத் தொட்டுப் பார்க்கும் ஐந்து நிமிஷம் — எங்கள் தோழரின் விரலைக் காப்பாற்ற இவ்வளவே போதுமாயிருந்தது.

பாரதக் கதையில் ஏகலைவனிடம் துரோணர் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டார். வேட்டுவச் சாதியில் பிறந்தவன் வில் வித்தையில் அரச குமாரனை மிஞ்சக் கூடாதே என்பது குருவின் கவலை. ஏகலைவன் கொடுத்துவிட்டான். அவனை உத்தம சீடன் என்று இன்றும் புகழ்கிறார்கள். விரலைக் கேட்டவரை யாரும் கேள்வி கேட்பதில்லை!

அரிசி ஆலைத் தோழரும் நடவுக்கார அக்காவும் கட்டை விரலைக் கொடுத்துவிட்டார்கள். குருவுக்கல்ல, கவனிப்பாரற்ற ஒரு முறைக்குக் கொடுத்தார்கள். அக்காவிடம் நாண் மாற்று ஆபரேஷனைப் பற்றி எடுத்துச் சொன்னேன். சம்பா நடவு முடியட்டும், பார்க்கலாம் என்றார். நட முடியாத கையை வைத்துக் கொண்டு, நடவு முடியட்டும் என்கிறார்! கூட நடும் பெண்கள், நாற்றைப் பிரித்துக் கொடுக்கும் அவருடைய வேலையைத் தாங்களே பங்கு போட்டுக் கொண்டு, அவரை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். கூலியில் குறையாதபடி பார்த்துக் கொள்கிறார்கள்.

தோழர்களே, அந்த நடவு வரிசைதான் சங்கம். அதையே ஆலை வாசலுக்கும், தாலுகா ஆபீசுக்கும், ஆஸ்பத்திரி வாசலுக்கும் கொண்டு போவோம். இனி ஒரு கட்டை விரலும் காணிக்கை இல்லை!